மூலக்கூறுகளை எண்ணிப் பார்ப்போம்: வினையூக்கத்தையும் தற்செயலையும் கணினியில் மாதிரியாக்க ஒரு வழிகாட்டி

ஈ. கோலை பாக்டீரியாவின் ஒரு செல்லுக்குக் கனஅளவு ஏறக்குறைய 1 ஃபெம்டோலிட்டர். அதாவது 10-இன் அடுக்கு −15 லிட்டர். அந்தச் செல்லுக்குள் ஒரு புரதத்தின் செறிவு 1 நானோமோலார் என்று எங்கோ படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவகாட்ரோ எண்ணால் பெருக்கிப் பாருங்கள். 0.6 மூலக்கூறு என்று விடை வரும். 0.6 மூலக்கூறு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. ஒரு செல்லில் அந்தப் புரதம் ஒன்று இருக்கும், பக்கத்துச் செல்லில் இல்லாமல் இருக்கும், இன்னொன்றில் இரண்டு இருக்கும். இந்த வேறுபாடு அளவீட்டுப் பிழை அல்ல. அந்தச் செல்களின் வேதியியலே அப்படித்தான் நடக்கிறது.

வினைவேகச் சமன்பாடுகளைக் கல்லூரியில் படித்துவிட்டு, கொஞ்சம் நிரல் எழுதவும் தெரிந்துகொண்டு, இந்தத் துறைக்குள் காலெடுத்து வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைத்தான் தெரிந்தால் போதும். ஒரு தாளும் பேனாவும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் முதல் ஓட்டத்தைக் கையால்தான் போடப் போகிறோம்.

கேள்வி எது என்று முதலில் எழுதுங்கள்

"நொதி வினையை மாதிரியாக்க வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "50 மூலக்கூறுகளில் பாதி மாறி முடிய எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரம் செல்லுக்குச் செல் எவ்வளவு விலகும்" என்பது கேள்வி. சராசரி மட்டும் போதுமென்றால் பெரும்பாலும் பழைய வகைக்கெழுச் சமன்பாடே போதும். விலகல் வேண்டும், அரிதாக நடப்பது வேண்டும், முதல் மூலக்கூறு எப்போது பிறக்கும் என்று தெரிய வேண்டும் என்றால்தான் தற்செயலை உள்ளே கொண்டுவர வேண்டும்.

வினையை அடிப்படை அடிகளாக உடைத்தல்

1913-இல் மைக்கேலிஸும் மென்டனும் சுக்ரோஸை உடைக்கும் இன்வர்டேஸ் நொதியை வைத்து ஆராய்ந்த அதே அமைப்பை எடுத்துக்கொள்வோம். நொதி தன் தளப்பொருளைப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டு உருவாகிறது. அந்தக் கூட்டு பழையபடி பிரிந்து போகலாம், அல்லது விளைபொருளை வெளியே விட்டுவிட்டு நொதி விடுதலை ஆகலாம். மொத்தம் மூன்று வினைகள்: பிணைப்பு, பிரிவு, வினையாக்கம்.

ஒவ்வொன்றும் நடக்கும்போது எந்த எண்ணிக்கை எத்தனை கூடுகிறது, எத்தனை குறைகிறது என்று ஓர் அட்டவணை போடுங்கள். பிணைப்பு நடந்தால் நொதி ஒன்று குறையும், தளப்பொருள் ஒன்று குறையும், கூட்டு ஒன்று கூடும். மற்ற இரண்டுக்கும் இதே மாதிரி. அட்டவணை முடிந்ததும் இரண்டு கூட்டுத்தொகைகளைச் சரிபார்க்க வேண்டும். தனி நொதியும் கூட்டும் சேர்ந்த எண்ணிக்கை எந்த வினையிலும் மாறக் கூடாது. தளப்பொருள், கூட்டு, விளைபொருள் மூன்றும் சேர்ந்த எண்ணிக்கையும் மாறக் கூடாது. முதலாவது மாறினால் உங்கள் வினையூக்கி செலவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்புறம் அது வினையூக்கியே இல்லை. இந்தச் சோதனையை நிரலுக்குள்ளும் எழுதி வைத்து, ஒவ்வொரு அடியிலும் ஓட விடுங்கள்.

செறிவை எண்ணிக்கையாக மாற்றுதல்

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் போவோம்.

ஒரே ஒரு மூலக்கூறு தானாக மாறும் வினைக்கு (பிரிவு, வினையாக்கம்) மாறிலியில் எந்த மாற்றமும் தேவையில்லை. நொடிக்கு 0.4 என்றால் நொடிக்கு 0.4-தான். இரண்டு மூலக்கூறுகள் சந்திக்க வேண்டிய வினைக்கு, புத்தகத்தில் உள்ள வேக மாறிலியை அவகாட்ரோ எண்ணாலும் கனஅளவாலும் வகுக்க வேண்டும். 1 ஃபெம்டோலிட்டருக்கு அந்த வகுக்கும் எண் ஏறக்குறைய 60 கோடி. பிணைப்பு மாறிலி ஒரு மோலாருக்கு நொடிக்கு 60 லட்சம் என்று தரப்பட்டிருந்தால், எண்ணிக்கைக் கணக்கில் அது 0.01 ஆகிறது. அதாவது குறிப்பிட்ட ஒரு நொதியும் குறிப்பிட்ட ஒரு தளப்பொருளும் ஒரு மிகச் சிறிய நேரத்துக்குள் பிணைய எவ்வளவு வாய்ப்பு என்பதை நொடிக் கணக்கில் சொல்லும் எண் அது.

செல் இரண்டு மடங்கு பெருத்தால் இந்த 0.01 பாதியாகும், மற்ற இரண்டு மாறிலிகள் அப்படியே இருக்கும். கனஅளவை மாற்றிவிட்டு மாறிலியை மாற்ற மறந்தால் விடைகள் நம்பும்படியாகவே வரும், ஆனால் தவறாக இருக்கும். அதனால் மாறிலியை நேரடியாக நிரலில் எழுதாமல், கனஅளவிலிருந்து நிரலே கணக்கிடும்படி செய்துவிடுங்கள்.

ஒரே வகை மூலக்கூறுகள் இரண்டு இணையும் வினையில் இன்னொரு கவனம் வேண்டும். எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போடக் கூடாது. எத்தனை ஜோடிகள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். 10 மூலக்கூறுகள் இருந்தால் 10 பெருக்கல் 9, அதில் பாதி, ஆக 45 ஜோடிகள். ஒரே ஒரு மூலக்கூறு மிஞ்சினால் ஜோடி பூஜ்யம். வர்க்கத்தைப் போட்டவரின் நிரலில் அந்தத் தனி மூலக்கூறு தன்னோடு தானே இணைந்து, எண்ணிக்கை −1 ஆகிவிடும்.

பழைய சமன்பாட்டை ஒதுக்கிவிடாதீர்கள்

தற்செயல் ஓட்டத்துக்கு முன்னால் அதே மூன்று வினைகளுக்கு வகைக்கெழுச் சமன்பாடு எழுதித் தீர்த்து, ஒரு கோடு வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். பிரிக்ஸும் ஹால்டேனும் 1925-இல் காட்டியபடி, கூட்டின் அளவு சீக்கிரம் ஒரு நிலைக்கு வந்துவிடும் என்று எடுத்துக்கொண்டால் பழக்கமான மைக்கேலிஸ்–மென்டன் சூத்திரம் கிடைக்கும். பிணைப்பு 0.01, பிரிவு 0.1, வினையாக்கம் 0.4 என்று வைத்தால் மைக்கேலிஸ் மாறிலி 50 மூலக்கூறுகள். 5 நொதிகளும் 50 தளப்பொருளும் இருந்தால் வேகம் நொடிக்கு ஒரு விளைபொருள். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை இவற்றோடுதான் வேலை.

தாளில் இரண்டு அடிகள்

டேனியல் கில்லெஸ்பி 1976, 1977 ஆண்டுகளில் வெளியிட்ட முறை இரண்டே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அடுத்த வினை எப்போது? அது எந்த வினை? ஒவ்வொன்றுக்கும் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஒரு சமவாய்ப்பு எண் போதும்.

தொடக்கத்தில் நொதி 5, தளப்பொருள் 50, கூட்டு 0, விளைபொருள் 0. ஒவ்வொரு வினையும் நடக்க எவ்வளவு துடிக்கிறது என்று கணக்கிடுவோம். இதை "நாட்டம்" என்று சொல்லிக்கொள்வோம். பிணைப்பின் நாட்டம் 0.01 × 5 × 50 = 2.5. கூட்டு எதுவும் இல்லாததால் மற்ற இரண்டும் பூஜ்யம். மொத்த நாட்டம் 2.5.

முதல் சமவாய்ப்பு எண் 0.30 என்று விழுகிறது. அதன் தலைகீழியின் இயல் மடக்கை 1.204. அதை 2.5-ஆல் வகுத்தால் 0.48 நொடி. அவ்வளவு நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு வினை. இருப்பதே ஒரு வினைதான் என்பதால் எது என்ற கேள்விக்கு இடமில்லை: பிணைப்பு. இப்போது நொதி 4, தளப்பொருள் 49, கூட்டு 1.

நாட்டங்களைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். பிணைப்பு 0.01 × 4 × 49 = 1.96. பிரிவு 0.1. வினையாக்கம் 0.4. மொத்தம் 2.46. அடுத்த எண் 0.62, இயல் மடக்கை எடுத்து வகுத்தால் 0.19 நொடி. கடிகாரம் 0.68 நொடிக்கு வந்துவிட்டது. எந்த வினை? இரண்டாவது எண் 0.85. அதை 2.46-ஆல் பெருக்கினால் 2.09. இனி நாட்டங்களை வரிசையாக அடுக்குங்கள்: 1.96 வரை பிணைப்பு, 2.06 வரை பிரிவு, 2.46 வரை வினையாக்கம். 2.09 மூன்றாவது பகுதியில் விழுகிறது. முதல் விளைபொருள் பிறந்தது! நொதி மறுபடி 5.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டாவது எண் 0.85-க்குப் பதில் 0.80 ஆக இருந்திருந்தால் 1.97 வந்திருக்கும், கூட்டு பிரிந்து எல்லாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்கும். 0.50 ஆக இருந்தால் இரண்டாவது நொதியும் பிணைந்திருக்கும். ஒரு சிறு எண்ணின் வேறுபாட்டில் மூன்று வெவ்வேறு வரலாறுகள் கிளை பிரிகின்றன. இப்படிப் பத்து அடிகளைக் கையால் போட்டவருக்கு, பிற்பாடு திரையில் தெரியும் படிக்கட்டு வரைபடத்தின் ஒவ்வொரு படியும் என்னவென்று புரியும். இந்த வேலையை யாரும் தாவிக் கடக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நிரல் எழுதும்போது

முழு முறையும் இருபது முப்பது வரிகளுக்குள் அடங்கிவிடும். கோபாசி போன்ற ஆயத்த மென்பொருள்கள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் முதல் நிரலை நீங்களே எழுதுங்கள்.

சில சிறு கண்ணிகளைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மொழிகளின் சமவாய்ப்பு எண் பூஜ்யத்தையும் தரக்கூடும். பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. ஒன்றிலிருந்து அந்த எண்ணைக் கழித்துவிட்டு மடக்கை எடுத்தால் சிக்கல் தீர்ந்தது. மொத்த நாட்டம் பூஜ்யமானால் இனி எதுவும் நடக்காது; அங்கே ஓட்டத்தை நிறுத்தாவிட்டால் பூஜ்யத்தால் வகுக்க நேரும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் விதை எண்ணைச் (சமவாய்ப்பு எண்களின் வரிசை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் எண்) சேமித்து வையுங்கள், அப்போதுதான் விசித்திரமான ஓர் ஓட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். அதே சமயம் விதையை ஓட்டச் சுழலுக்குள்ளே ஒரே எண்ணாக வைத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து, ஆயிரம் ஓட்டங்களிலும் விலகல் துளிகூட இல்லாததைப் பார்த்து ஒரு மாலை முழுக்கச் சூத்திரத்தில் பிழை தேடியிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கண்ணி சராசரி எடுப்பதில் இருக்கிறது. வினைகள் சீரான இடைவெளியில் நடப்பதில்லை. ஒரு நிலை 3 நொடி நீடிக்கும், இன்னொன்று 0.01 நொடியில் முடிந்துவிடும். நிகழ்வுகளின் பட்டியலை அப்படியே கூட்டி வகுத்தால் இரண்டுக்கும் ஒரே எடை கிடைத்துவிடும். அதனால் அரை நொடிக்கு ஒருமுறை என்று சீரான நேரப் புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் அந்தக் கணத்தில் நிலவிய எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கு முன்னால் கடைசியாக நடந்த வினைக்குப் பிந்தைய நிலைதான் அது. புள்ளியைத் தாண்டி நடந்த அடுத்த வினையின் நிலை அல்ல.

எத்தனை ஓட்டங்கள் போதும்? சராசரியின் தடுமாற்றம் ஓட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். பத்து மடங்கு துல்லியம் வேண்டுமென்றால் நூறு மடங்கு ஓட்டங்கள் வேண்டும்.

விடை தெரிந்த கணக்கில் சோதித்தல்

நொதிக்குப் போகுமுன் இதைச் செய்யுங்கள். ஒரு மூலக்கூறு நொடிக்கு 10 வீதம் பிறக்கிறது. இருக்கும் ஒவ்வொன்றும் நொடிக்கு 0.1 வீதம் சிதைகிறது. நிலைபெற்ற பிறகு எண்ணிக்கை பாய்சான் பரவலில் இருக்க வேண்டும்: சராசரி 100, பரவற்படியும் 100, அதாவது திட்ட விலக்கம் 10. உங்கள் நிரலில் சராசரி சரியாக வந்து பரவற்படி 60 என்றோ 150 என்றோ வந்தால் நிரலில் பிழை இருக்கிறது. சராசரி மட்டும் ஒத்துப்போவது நிரல் சரி என்பதற்குச் சான்றாகாது. ஏராளமான தவறான நிரல்கள் சரியான சராசரியைத் தந்துவிடும்.

இந்த அமைப்பு பழசை மறக்க 10 நொடி எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் முதல் 50 நொடிகளைத் தள்ளிவிட்டு அளக்கத் தொடங்குங்கள். ஒரே ஓட்டத்தில் அடுத்தடுத்த நொடிகளில் எடுத்த அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒற்றை நொதியைக் கவனித்தல்

இப்போது நொதி ஒன்றே ஒன்று. தளப்பொருளை 50-லேயே நிறுத்தி வையுங்கள், குறையக் குறைய நிரப்பப்படுவதாகக் கொள்ளலாம். ஒரு விளைபொருளுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரங்களை மட்டும் சேகரியுங்கள். சராசரி 5 நொடி வரவேண்டும். 5 நொதிகள் இருந்தபோது நொடிக்கு ஒன்று வந்ததே, அதோடு இது பொருந்துகிறது. பரவற்படி 15 வரவேண்டும்.

இந்த 15-இல்தான் சுவை இருக்கிறது. விளைபொருள் வெறும் ஒரே அடியில் உருவாகியிருந்தால் காத்திருப்பு நேரம் அடுக்குக்குறிப் பரவலில் இருக்கும். 5 நொடிச் சராசரிக்குப் பரவற்படி 25 வந்திருக்கும். பிணைப்பு, வினையாக்கம் என்று இரண்டு அடிகளைக் கடக்க வேண்டியிருப்பதால் மிகக் குறுகிய காத்திருப்புகள் அரிதாகின்றன, நேரங்கள் சற்று ஒழுங்குபடுகின்றன. வரைபடம் பூஜ்யத்தில் தொடங்கி, ஏறி, பிறகு இறங்குவதைப் பார்ப்பீர்கள். சராசரி வேகம் மறைத்துவைக்கும் செய்தியை விலகல் சொல்லிவிடுகிறது: உள்ளே எத்தனை அடிகள் இருக்கின்றன என்று. ஒற்றை நொதி மூலக்கூறுகளை ஒளிர வைத்து அளக்கும் ஆய்வுகள் 1990-களின் பிற்பகுதியிலிருந்து இந்த வழியில்தான் நொதிகளின் உள் நடப்பைப் படித்து வருகின்றன.

தன்னைத் தானே பெருக்கும் வினை

ஒரு மூலக்கூறு தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்குகிறது, அவை இரண்டும் மேலும் உருவாக்குகின்றன. இப்படிப்பட்ட தன்வினையூக்கத்தில் தற்செயல் எப்படி நடந்துகொள்கிறது என்று மாக்ஸ் டெல்புரூக் 1940-லேயே ஆராய்ந்தார். சிறிய நிரல்தான், ஆனால் பார்த்தால் மறக்க முடியாது.

ஒரே ஒரு மூலக்கூறில் தொடங்கி, சராசரி 100-ஐத் தொடும் நேரத்தில் ஓட்டங்களை நிறுத்துங்கள். நூறு ஓட்டங்களில் ஏறக்குறைய பத்தில் எண்ணிக்கை 10-ஐக்கூடத் தாண்டியிருக்காது. ஏறக்குறைய ஐந்தில் 300-ஐத் தாண்டியிருக்கும். முதல் ஒன்றிரண்டு பெருக்கங்கள் சற்றுத் தாமதமானால் அந்தத் தாமதம் கடைசிவரை கூடவே வருகிறது. இதையே 100 மூலக்கூறுகளில் தொடங்கினால் ஒப்பு விலகல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

உயிருள்ள செல்லில் இதை அளக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலோவிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் ஈ. கோலை செல்லுக்குள் ஒரே மாதிரியான ஊக்குவிப்பான்களின் (மரபணுவை இயக்கத் தொடங்கும் டி.என்.ஏ பகுதிகள்) கீழ் இரண்டு நிற ஒளிர் புரதங்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு செல்லில் இரண்டு நிறங்களும் சேர்ந்தே கூடினால் அது செல்லின் பொதுநிலை தரும் விலகல். ஒன்று கூடி மற்றது குறைந்தால் அது அந்தந்த மரபணுவின் சொந்தத் தற்செயல். நாம் எழுதிய நிரல் இரண்டாவது வகையை மட்டுமே தரும். முதலாவது வேண்டுமென்றால் நொதி எண்ணிக்கையையோ மாறிலிகளையோ ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்ற வேண்டும்.

ஓட்டம் நகராமல் நின்றால்

பிரிவு மாறிலி 0.1-க்குப் பதில் 1000 என்றால், நிரல் தன் நேரம் முழுவதையும் பிணைந்து பிரிவதிலேயே செலவழிக்கும். அப்போது அந்த வேகமான ஜோடியைச் சராசரியாக்கி, விளைபொருள் பிறப்பதை மைக்கேலிஸ்–மென்டன் வேகத்தை நாட்டமாகக் கொண்ட ஒரே வினையாக எழுதலாம். நொதிகளின் எண்ணிக்கை, தளப்பொருளும் மைக்கேலிஸ் மாறிலியும் சேர்ந்த தொகையைவிட மிகக் குறைவாக இருந்தால்தான் இது நம்பகமானது. மூலக்கூறுகள் ஏராளமாக இருந்தால் கில்லெஸ்பி 2001-இல் தந்த தாவல் முறை உதவும்: ஒரு சிறு நேரத்துக்குள் ஒவ்வொரு வினையும் எத்தனை தடவை நடக்கும் என்று பாய்சான் எண்ணாக எடுத்துவிட்டு முன்னேறுவது. எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் இடங்களில் பழைய முறைக்குத் திரும்பிவிடுங்கள்.

உலோகப் பரப்பில் நடக்கும் வினை

இதுவரை எல்லாம் நன்றாகக் கலந்த கரைசல். திண்ம வினையூக்கியின் பரப்பில் எந்த மூலக்கூறு எங்கே ஒட்டியிருக்கிறது என்பது முக்கியமாகிவிடுகிறது. அதற்கு நல்ல தொடக்கம், ஸிஃப், குலாரி, பர்ஷாத் மூவரும் 1986-இல் முன்வைத்த மாதிரி.

100-க்கு 100 சதுரக் கட்டங்கள். வந்து மோதுவது கார்பன் மோனாக்சைடா ஆக்சிஜனா என்பதை ஒரு சமவாய்ப்பு எண் முடிவு செய்யும். கார்பன் மோனாக்சைடுக்கு ஒரு காலிக் கட்டம் போதும். ஆக்சிஜன் மூலக்கூறுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காலிக் கட்டங்கள் வேண்டும். அங்கே இரண்டு அணுக்களாக உடைந்து அமரும். இடமில்லையென்றால் வந்தது திரும்பிப் போகும். கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜன் அணுவும் அண்டைக் கட்டங்களில் அமர்ந்துவிட்டால் உடனே கார்பன் டைஆக்சைடாகி வெளியேறும், இரண்டு கட்டங்களும் காலியாகும். வருவதில் கார்பன் மோனாக்சைடின் பங்கு ஒன்றுதான் நீங்கள் திருப்பக்கூடிய குமிழ்.

அந்தப் பங்கு ஏறக்குறைய 0.39-க்குக் கீழே போனால் பரப்பு முழுக்க ஆக்சிஜன் அடைத்துக்கொண்டு வினை நின்றுவிடும். ஏறக்குறைய 0.525-க்கு மேலே போனால் கார்பன் மோனாக்சைடு அடைத்துக்கொள்ளும். இடையில் மட்டுமே வினையூக்கி வேலை செய்யும். கீழ் எல்லையை நெருங்கும்போது வேகம் படிப்படியாகத் தேய்கிறது. மேல் எல்லையிலோ திடீரென்று செத்துவிடுகிறது.

0.52, 0.525, 0.53 என்று மூன்று மதிப்புகளில் பத்துப் பத்து ஓட்டங்கள் போட்டு, பரப்பு அடைபட்டால் அது எந்த நேரத்தில் என்று விதை எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தைக் கட்டத்துக்கு ஒரு முயற்சி என்ற அலகில் வையுங்கள்; 100-க்கு 100 கட்டங்களில் 10,000 மோதல் முயற்சிகள் ஓர் அலகு. பிறகு கட்டங்களை 50-க்கு 50 ஆகச் சுருக்கி அதே பட்டியலை மறுபடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.